மலைப்பல்லியும் பொட்டல் ஓணானும்: நெருங்கிய உறவினங்களில் மரபணுத்தொகுதி மாற்றமும் சிற்றினத் தோற்றமும்

ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் உயிரிகளுக்குள் இணைசேர்க்கை எங்கோ தடைப்பட வேண்டும். தடை ஒரு மலைக்கணவாயாக இருக்கலாம். அடர்ந்த காட்டையோ வறண்ட வெளியையோ கடக்க முடியாமையாக இருக்கலாம். பெண் விலங்கு தன் துணையை அறிந்துகொள்ளும் அடையாளம் மாறிப்போனதாகவும் இருக்கலாம். தடையின் இருபுறமும் உள்ள கூட்டங்களில் மரபணுத்தொகுதி தனித்தனி வழியில் மாறிக்கொண்டே போகிறது. நெடுங்காலத்துக்குப் பின் அவை மீண்டும் சந்தித்தாலும் இணைவதில்லை. இணைந்தாலும் பிறக்கும் குஞ்சு பிழைப்பதில்லை, அல்லது மலடாகிறது. இதுவே சிற்றினத் தோற்றம்.

இந்த நிகழ்வை ஆராய ஓணான், பல்லி, அரணை ஆகியவை மிகவும் ஏற்றவை. இவற்றால் பறவையைப்போல் கணவாயைத் தாண்டிப் பறக்க முடியாது; யானையைப்போல் காடுவிட்டுக் காடு நடக்கவும் முடியாது. உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தையே நம்பியிருப்பதால், பழகிய பாறையையும் புதரையும் விட்டு வெகுதூரம் போவதில்லை. மனிதக் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் தடைகூட இவற்றுக்குப் பெரிய எல்லையாகிவிடுகிறது.

தென் தமிழகத்தின் சங்கரன்கோவில் வட்டாரத்து நில அமைப்பில் இத்தகைய எல்லைகள் பல உண்டு. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்களின் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. வடக்கே அதே மலை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சதுரகிரி எனத் தொடர்கிறது. தென்மேற்கே செங்கோட்டைக் கணவாய் மலைத்தொடரை அறுக்கிறது. கிழக்கே கரிசல் காடு. அதற்கும் அப்பால் தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரியும் கடற்கரையும். ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் இந்த நிலப்பரப்பில் சிற்றினங்கள் பிரியும் இரு முக்கிய வழிகளையும் காணலாம். மலையில் நிலம் பிரித்த பல்லிகள் வாழ்கின்றன. சமவெளியில் வறண்ட வெளிக்கு வந்து பெருகிய ஓணான்கள் வாழ்கின்றன.

உருவமும் உறவும்

உயிரினங்களை வகைப்படுத்தியவர்கள் நீண்ட காலம் உருவத்தையே நம்பினர். செதில்களின் எண்ணிக்கை, விரல்களின் அமைப்பு, தொடையின் அடிப்புறத் துளைகள், பற்கள் ஆகியவையே சான்றுகள். அவை இன்றும் தேவைதான். ஆனால் உருவத்தை மட்டும் பார்த்தால் இருவகையில் தவறு நேரும். உறவில்லாதவை ஒன்றுபோல் தோன்றலாம். நெடுங்காலம் முன்பே பிரிந்தவை வேறுபாடு தெரியாமல் இருக்கலாம்.

புற்றுமண்ணுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவிலில் முதலில் சொல்ல வேண்டிய சான்று பாம்பு. கால்கள் இருப்பதால் ஓணானும் பல்லியும் ஒரு பக்கம், பாம்பு மறு பக்கம் என்றே யாரும் எண்ணுவர். மரபணுக்கள் வேறு கதை சொல்கின்றன. ஓணான், பல்லி, அரணை முதலியவை அடங்கிய பல்லியோந்திகளின் ஒரு கிளையிலிருந்தே பாம்புகள் வந்தன. அந்தக் குடும்ப மரத்தில் ஓணானும் உடும்பும் பாம்புக்கு நெருங்கியவை. சுவர்ப்பல்லியின் மரபு வெகு முன்பே பிரிந்தது. ஓணானுக்குச் சுவர்ப்பல்லியைவிடப் பாம்பே நெருங்கிய உறவு.

நெமாஸ்பிஸ் என்ற குட்டிப்பல்லிப் பேரினமும் அப்படியே. வட்டமான கண்மணி, பகலில் நடமாட்டம், பாறை வாழ்க்கை ஆகியவற்றைக் கொண்டு ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய மூன்று பகுதிகளின் பல்லிகளும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. டி.என்.ஏ. ஒப்பீட்டில் இம்மூன்றும் தனித்தனி மரபுகள் என்று தெரிந்தது. ஒரே மாதிரியான வாழ்க்கை ஒரே மாதிரியான உருவத்தைத் தந்திருந்தது.

எதிர்வகைத் தவறுக்கு வேலியோரத்து ஓணானே சான்று. 1802இல் தௌதான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பெயரிட்ட கலோடஸ் வெர்சிகலர், தெற்காசியா முழுவதும் பரவிய ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டது. 2021இல் வெளியான மூலக்கூறு ஆய்வு அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதைக் காட்டியது. தென்னிந்திய ஓணான் பழைய பெயரிலேயே நின்றது. கிழக்கிந்திய ஓணானுக்கு கலோடஸ் வல்சுவோசஸ் என்ற 19ஆம் நூற்றாண்டுப் பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது.

மரபணுத்தொகுதி மாறும் வழிகள்

ஓர் உயிரியின் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. முழுவதும் சேர்ந்ததே அதன் மரபணுத்தொகுதி. பல்லியோந்திகளில் முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது வட அமெரிக்காவின் பச்சை அனோல். அதன் மரபணுத்தொகுதி 2011இல் நேச்சர் இதழில் வெளியானது. அதில் சுமார் 178 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் உள்ளன. மனிதனுடையது 300 கோடிக்குச் சற்று அதிகம்.

இந்தத் தொகுதி மாறுவது நான்கு வழிகளில் நடக்கிறது.

முதலாவது, எழுத்துப் பிழை. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது ஓர் எழுத்து வேறொன்றாக மாறுவது சடுதிமாற்றம். பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் அவை காலத்தோடு சேர்ந்துகொண்டே போவதால், இரு கூட்டங்கள் எப்போது பிரிந்தன என்று கணக்கிட உதவுகின்றன.

இரண்டாவது, தாவும் மரபணுக் கூறுகள். தம்மைத் தாமே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் இவை. அனோலின் தொகுதியில் இவற்றில் பலவகை இன்னும் செயல்படுகின்றன. ஒரு மரபணுவின் அருகே இத்துண்டு புகுந்தால், அந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்பதே மாறக்கூடும்.

மூன்றாவது, குரோமோசோம்களின் மறு அமைப்பு. பல்லியோந்திகள் பலவற்றின் உயிரணுவில் சில பெரிய குரோமோசோம்களும் பல நுண் குரோமோசோம்களும் உள்ளன. நம்மூர் ஓணானுக்கு 12 பெரியவையும் 22 நுண்ணியவையுமாக மொத்தம் 34. அனோலுக்கு 12 பெரியவை, 24 நுண்ணியவை, மொத்தம் 36. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்த இரு மரபுகளில் அமைப்பு இவ்வளவு ஒத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மெக்சிகோவின் செலோபோரஸ் கிராமிகஸ் என்ற ஒரே ஓணான் கூட்டத்துக்குள் குரோமோசோம் எண்ணிக்கை சுமார் 32இலிருந்து 46 வரை மாறுகிறது. எண்ணிக்கை ஒத்துப்போகாத இரு பெற்றோரின் குஞ்சு, விந்தணுவையும் முட்டையையும் உருவாக்கும்போது குரோமோசோம்கள் சரியாக இணைசேராமல் தடுமாறலாம். அந்தத் தடுமாற்றமும் ஒரு தடையே.

நான்காவது, பால் நிர்ணயத்தின் மாற்றம். பாலூட்டிகளில் எக்ஸ், ஒய் ஏற்பாடு உறுதியானது. பறவைகளில் இசட், டபிள்யூ. பல்லியோந்திகளில் இரண்டும் உண்டு. முட்டை இருக்கும் மண்ணின் வெப்பமே ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும் வகையும் உண்டு. ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டது. இயல்பாக இரண்டு இசட் உள்ளது ஆண். ஒரு இசட், ஒரு டபிள்யூ உள்ளது பெண். அடைவெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் இரண்டு இசட் உள்ள முட்டையிலிருந்தும் பெண் வெளிவருகிறது. காட்டிலேயே இத்தகைய பெண்கள் இருப்பதை 2015இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. அவை இயல்பான ஆணுடன் சேர்ந்து இடும் முட்டைகளில் டபிள்யூ குரோமோசோம் அறவே இல்லை. அவற்றின் பாலை வெப்பமே தீர்மானிக்கிறது. ஒரே தலைமுறையில் ஒரு குரோமோசோம் அந்த வம்சத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

இம்மாற்றங்கள் ஒரு கூட்டத்தில் நிலைபெறுவதற்கு இயற்கைத் தேர்வு ஒரு காரணம், தற்செயல் மற்றொன்று. கூட்டம் சிறியதானால் தற்செயலின் கை ஓங்கும். தடையின் ஒரு பக்கம் ஒரு மரபணு மாறுகிறது, மறு பக்கம் வேறொன்று மாறுகிறது என்று கொள்வோம். அந்தந்தக் கூட்டத்தில் இரண்டும் கெடுதலற்றவை. கலப்பினக் குஞ்சில் முதன்முறையாக இரண்டும் சந்திக்கும்போது ஒத்துழைக்காமல் போகலாம். டோப்ஷான்ஸ்கி, முல்லர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் இந்த விளக்கம், எந்தக் கூட்டமும் நலிவுறாமலேயே சிற்றினங்கள் பிரிய முடியும் என்பதைக் காட்டுகிறது.

மலையில்: நிலம் பிரித்த பல்லிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை இரண்டு கணவாய்கள் அறுக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் அகன்றது. செங்கோட்டைக் கணவாய் குறுகியது. செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலை. வடக்கே மேகமலையும் ஏலமலையும். கணவாயின் தாழ்ந்த, வெப்பமான நிலம் குளிர்ந்த ஈரப்பாறையில் வாழும் பல்லிக்குக் கடக்க முடியாத இடம். கணவாய் மட்டுமல்ல, ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கும் இதே வேலையைச் செய்கிறது.

நெமாஸ்பிஸ் குட்டிப்பல்லிகளில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. வீட்டுப்பல்லிபோல் இவற்றுக்கு விரலடியில் அகன்ற ஒட்டுத்தகடு இல்லை. மெலிந்து வளைந்த விரல்களால் பாறை இடுக்கைப் பற்றிக்கொள்கின்றன. பல சிற்றினங்களின் உடல், வால் நீங்கலாக, நான்கு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 2021இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் 12 புதிய நெமாஸ்பிஸ் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன.

2024இல் அக்‌ஷய் காண்டேகர், தேஜஸ் தாக்கரே, கலைமணி, இஷான் அகர்வால் ஆகியோர் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகப் பகுதியிலிருந்து மேலும் இரண்டை விவரித்தனர். ஒன்று சதுரகிரியின் பெயரால் நெமாஸ்பிஸ் சதுரகிரியென்சிஸ். மற்றது நெமாஸ்பிஸ் வான்கோகி. இதன் ஆணுக்குத் தலையும் முன்னுடலும் மஞ்சள். முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். ஓவியர் வான்கோவின் விண்மீன் இரவு ஓவியத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர். உயரத்துச் சோலைகளில் அல்லாமல், 250 முதல் 400 மீட்டர் வரையான அடிவாரக் காடுகளில் இவை வாழ்கின்றன. சங்கரன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகும் எவரும் காணும் அதே மலையடிவாரத்தில், 2024 வரை அறிவியலில் பெயரில்லாத இரு முதுகெலும்பிகள் இருந்தன.

இத்தகைய ஆய்வின் நடைமுறை எளிதாகச் சொல்லக்கூடியது. சிறு திசுத்துண்டு எடுத்து எத்தனாலில் வைக்கப்படுகிறது. ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் என்டி2, 16எஸ் போன்ற குறிப்பிட்ட மரபணுப் பகுதிகள் பெருக்கப்பட்டுப் படிக்கப்படுகின்றன. எழுத்துகள் எத்தனை விழுக்காடு வேறுபடுகின்றன என்று பார்த்து உறவு மரம் வரையப்படுகிறது. பின்பு உருவ வேறுபாடுகளோடு அது ஒப்பிடப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால் அது தாய்வழிக் கதையை மட்டும் சொல்லும். தந்தைவழிக் கலப்பை அறிய உட்கருவின் மரபணுக்களையும் படித்தாக வேண்டும்.

சமவெளியில்: வறட்சி வளர்த்த ஓணான்கள்

வெட்டவெளியிலும் முட்புதர் ஓரங்களிலும் வேகமாக ஓடும் சிறிய மண்நிற ஓணான் ஒன்று உண்டு. சில வேளை முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களால் மட்டும் ஓடும். பின்காலில் ஐந்து விரல் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான். ஆணின் தொண்டையின்கீழ் மடிந்து தொங்கும் தோல், இனப்பெருக்கக் காலத்தில் விசிறியாக விரியும். இதுவே விசிறித்தொண்டை ஓணான்; பேரினப் பெயர் சிதானா. 1829இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியே, புதுச்சேரியின் பெயரால் சிதானா பாண்டிசெரியானா என்று இதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக இந்தியச் சமவெளியின் பெரும்பகுதியில் காணப்பட்டவை எல்லாம் அந்த ஒரே பெயரில் அடங்கின.

2016இல் வி. தீபக், பிரவீண் கரந்த் முதலியோர் தீபகற்பம் முழுவதும் சேகரித்த மாதிரிகளின் மரபணுவையும் உருவத்தையும் ஒப்பிட்டு அந்தப் பெயரைப் பிரித்தனர். சரடா என்ற புதுப் பேரினமும் ஐந்து புதிய சிற்றினங்களும் ஒரே கட்டுரையில் வந்தன. சரடா ஆண்களின் விசிறி நீலம், கருமை, செம்மஞ்சள் எனப் பளிச்சிடும். சிதானாவின் விசிறி பெரும்பாலும் வெண்மை, நடுவே நீலக்கோடு. தமிழ்நாட்டில் வாழும் ஒரு புதிய சிற்றினத்துக்கு சிதானா விசிறி என்று தமிழ்ச்சொல்லாலேயே பெயர் அமைந்தது. அதே ஆண்டில் தென் தமிழகத்திலிருந்து மற்றொன்று விவரிக்கப்பட்டு, மருதம், நெய்தல் ஆகிய இரு திணைகளின் பெயரால் சிதானா மருதம்நெய்தல் ஆனது. இலங்கையின் சிதானாக்களும் அதற்குச் சற்று முன்பே பகிரி, தேவகாய் என்ற தனிச் சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

இவற்றின் நெருங்கிய உறவினங்கள் காட்டில் வாழ்பவை. இலங்கையின் ஓட்டோகிரிப்டிஸ் காட்டின் உதிர்சருகில் திரிவது. தென்மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் உள்ள இதன் தோற்றமொத்த ஓணானும் அதே பேரினத்தில் இருந்தது. 2021இல் அது அகத்தியாகமா என்ற தனிப் பேரினமாயிற்று. அப்படியானால் விசிறித்தொண்டை ஓணான்கள் வெட்டவெளிக்கு எப்போது வந்தன? தீபக், கரந்த் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, மரபணு வேறுபாட்டைக் கால அளவாகக் கொண்டு இதற்கு விடை தந்தது. சுமார் 2.3 கோடியிலிருந்து 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை நீண்ட மயோசீன் காலத்தில் துணைக்கண்டம் வறண்டது. பருவமழையின் போக்கு மாறியது. காடு குறைந்து புல்வெளியும் புதர்க்காடும் விரிந்தன. விசிறித்தொண்டை ஓணான்கள் கிளைத்துப் பெருகியதும் அந்த வறட்சியோடு சேர்ந்தே.

ஓபிசாப்ஸ் என்ற பாம்புக்கண் பல்லியோந்திகளிலும் இதே செய்தி கிடைத்தது. இஷான் அகர்வாலும் உமா இராமகிருஷ்ணனும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் புல்வெளிகள் மிகப் பழமையானவை என்பதற்கு இந்தச் சிறு விலங்குகளின் மரபணுவையே சான்றாக்கியது. காட்டை வெட்டியதால் உண்டான நிலம் என்று பொட்டல்களைப் பற்றி நிலவும் எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மனிதன் கோடரி எடுப்பதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே அங்கு அவ்வெளிக்கே உரிய உயிர்கள் இருந்தன.

விசிறியின் பங்கு

நிலம் பிரிப்பதோடு துணைத்தேர்வும் பிரிக்கிறது. ஆண் ஓணான் கல்மேல் ஏறி நின்று விசிறியை விரித்து மடக்குகிறது. பார்ப்பவை மூன்று: துணை தேடும் பெண், எல்லைக்குப் போட்டியிடும் ஆண், மேலே வட்டமிடும் இரைகொல்லிப் பறவை. முதல் இரண்டுக்காக நிறம் கூட வேண்டும். மூன்றாவதற்காகக் குறைய வேண்டும். இந்த இழுபறி ஒவ்வொரு நிலத்திலும் வெவ்வேறு இடத்தில் நிலைகொள்ளும்போது அடையாளமும் வேறாகிறது.

மகாராஷ்டிரத்தின் சதாரா அருகே சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. மரியா தாக்கர் குழுவினர் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, காற்றாலைகள் உள்ள பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன; சரடா சுபர்பா ஓணான்கள் அதிகமாயின. அவற்றின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைவு. மனிதர் அருகே வரும்வரை ஓடாமல் இருந்தன. ஆனால் நெருக்கமும் உணவுப் போட்டியும் கூடியதால் ஆணின் விசிறி நிறம் மங்கியிருந்தது. கயத்தாறிலிருந்து தென்காசி வரை காற்றாலைகள் சுழலும் பகுதிக்கு இந்த முடிவு நேரடியாகப் பொருந்தும் கேள்விகளை எழுப்புகிறது.

பிரிந்த பின்னும் கலப்பு

சிற்றினங்கள் பிரிந்துவிட்டால் கதவு முழுவதும் அடைபட்டது என்பது பழைய கருத்து. மத்தியதரைக் கடல் நாடுகளின் போடார்சிஸ் சுவர் ஓணான்களின் முழுத் தொகுதிகளைப் படித்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, அவை பல மரபுகளின் துண்டுகள் சேர்ந்த கலவை என்று கண்டது. பிரிந்த கூட்டங்கள் இடையிடையே கலந்து, மரபணுக்களைக் கைமாற்றிக்கொண்டு, மீண்டும் பிரிந்திருக்கின்றன. அவற்றுள் ஒரு சிற்றினத்தின் மஞ்சள், செம்மஞ்சள் அடிநிறங்களுக்கு எஸ்.பி.ஆர்., பி.சி.ஓ.2 என்ற இரு மரபணுக்களை ஒட்டிய பகுதிகளே பொறுப்பு என்று 2019இல் தெரிந்தது. அந்த நிறவடிவங்கள் சிற்றின எல்லையைத் தாண்டிக் கலப்பின் வழியே பரவியவை. நிறம் ஒன்றை மட்டும் வைத்துச் சிற்றினத்தை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கலப்பு ஒரு புதுச் சிற்றினத்தையே உண்டாக்குவதும் உண்டு. ஆர்மீனியாவின் பாறை ஓணான்களில் ஆணே இல்லாத, பெண் மட்டும் முட்டையிட்டுப் பெருகும் வகைகளை 1958இல் தாரெவ்ஸ்கி அறிவித்தார். இவை இரு சிற்றினங்களின் கலப்பில் தோன்றியவை. அமெரிக்காவின் சாட்டைவால் ஓணான்களிலும் இப்படிப் பல உண்டு. 2011இல் அந்நாட்டு ஆய்வகம் ஒன்றில் கலப்பின் மூலம் நான்குமடங்குக் குரோமோசோம் தொகுதி கொண்ட புதிய பெண்வம்சம் உருவாக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் நிகழ்வு, இந்த வழியில் ஒரே தலைமுறையில் முடிந்துவிடுகிறது.

எல்லைக்கோடு எங்கே

சிற்றினம் பிரிவது நீண்ட கால நிகழ்வு என்பதால், இன்று காணும் கூட்டங்கள் அதன் வெவ்வேறு கட்டங்களில் நிற்கின்றன. சில முழுதாகப் பிரிந்தவை. சில பாதி வழியில் உள்ளவை. ஒரு மரபணுவின் வேறுபாட்டு விழுக்காடு மட்டும் போதாது. உட்கரு மரபணுக்கள், உருவம், நடத்தை, வாழிடம், எல்லை சந்திக்குமிடத்தில் கலப்பு நடக்கிறதா என்பது ஆகிய ஐந்தும் ஒரே முடிவைச் சொல்லும்போதுதான் பெயரிடுவது உறுதிப்படும்.

பெயரிடுவதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. நாடு முழுவதும் பரவிய ஒரே ஓணான் என்றால் ஒரு பொட்டல் அழிவதால் இழப்பில்லை என்று கணக்கிடப்படும். அந்தப் பொட்டலோடு முடியும் சிற்றினம் என்றால் கணக்கு மாறும். மலையில் வாழும் பல்லிக்குப் புலிகள் காப்பகம் காவலாக இருக்கிறது. சமவெளி ஓணானின் நிலமோ அரசுப் பதிவேட்டில் தரிசு. சூரிய மின்தகடும் மனைப்பிரிவும் முதலில் தேடிவரும் இடம் அதுதான்.

ஆகவே இந்த வட்டாரத்தின் பள்ளி, கல்லூரி விலங்கியல் துறைகள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கோடையில் விசிறி விரியும் பருவத்தில் தேரியிலும் கரிசலிலும் அடிவாரத்திலும் உள்ள ஓணான்களைப் பிடிக்காமல் படம் எடுத்து, இடமும் நாளும் குறித்து, ஆண்டுதோறும் தொகுத்து வைக்கலாம். ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுவதற்கு முன் அங்கு வாழ்வது எது என்று பார்க்க வேண்டும்; அதற்கான முதல் பதிவேட்டை உள்ளூர்க்காரர்களே தொடங்க வேண்டும்.